கடைசி எழுத்து கேட்காத பையன்: மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூனில் பணிமாறுதல் கிடைத்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வந்தேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்றிலிருந்து மூன்று வரை எனக்கு, நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருக்கு. என் மூன்று வகுப்பிலும் சேர்த்து 34 பிள்ளைகள். அவர்களில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி அந்த ஆண்டு முழுக்க நான் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான் இந்த ஆய்வை எழுதுகிறேன். அவன் பெயர் வேண்டாம். வகுப்பில் "தம்பி" என்றே கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஜூலை முதல் வாரத்தில் நான் எழுதிய குறிப்பு இது: "கவனம் இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. சில நாள் பதில் சொல்கிறான், சில நாள் வேண்டுமென்றே வாய் திறப்பதில்லை. பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான்." அந்த "வேண்டுமென்றே" என்ற சொல் இன்று படித்தாலும் உறுத்துகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் மனதுக்குள் புகுந்து பார்த்தவள் போல எழுதியிருக்கிறேன்.

வீட்டு நிலவரம் சுருக்கமாக. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். பையன் ஊரில் அப்பத்தாவோடு இருக்கிறான். அப்பத்தா காலையில் ஏழு மணிக்கெல்லாம் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ கிளம்பிவிடுவார். பையன் தானாக எழுந்து, இருந்தால் பழைய சோற்றைக் குடித்துவிட்டு வருவான். இல்லாவிட்டால் வெறும் வயிறு.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை, அடிநிலையிலிருந்து மேலே, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறோம். தொடக்க மதிப்பீட்டில் இவன் தமிழில் அரும்பு. கணக்கில் மொட்டு. இந்த வித்தியாசத்தையே நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஏனென்றால் கையில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: "கொரோனா பேட்ச்." இவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2021-இல். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்ததே அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி. 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் எழுத்து தெரியாதவர்கள் நிறையப் பேர், அதில் இவனும் ஒருவன் என்று நினைத்துவிட்டேன். எல்லாருக்கும் பொருந்துகிற காரணம் கையில் இருந்தால் ஒரு பிள்ளைக்கு மட்டும் இருக்கிற காரணத்தைத் தேடத் தோன்றுவதில்லை. அந்தத் தப்பைத்தான் நான் செய்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள் பேர் கூப்பிட்டு மூன்று முறையும் பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடிக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு நிற்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பயிற்சி வகுப்பில் அதை நானே மற்ற ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

வயிறு நிறைந்த பிறகும்

2023 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த நாள். எங்கள் பள்ளியிலும் அன்றைக்குத்தான் தொடங்கியது. இரண்டு வாரத்தில் வகுப்பே மாறியது. பத்தரை மணிக்குத் தூங்கி விழுகிற பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தம்பியும் நேரத்துக்கு வந்தான். உப்புமாவை விடக் கிச்சடி பிடிக்கும், இரண்டாம் முறை தட்டை நீட்டுவான்.

ஆனால் சொல்வதெழுதுதலில் ஒரு மாற்றமும் இல்லை. பசியும் ஒரு காரணமாக இருக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். பசி போன பிறகும் பிரச்சினை அப்படியே நின்றபோதுதான், "அப்படியானால் வேறு என்ன?" என்ற கேள்வி எனக்குள் வந்தது. வயிற்றை நிரப்பாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி எனக்கு வந்தே இருக்காது.

செப்டம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை மாலை, இவனுடைய இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பார்த்தெழுதும் நோட்டு. எழுத்து ஒவ்வொன்றும் பட்டை தீட்டினாற்போல இருந்தது. புள்ளி, கொம்பு, சுழி எதுவும் தப்பவில்லை. அடுத்தது சொல்வதெழுதும் நோட்டு. நான் சொன்னது "தண்ணீரில் மீன் நீந்துகிறது." அவன் எழுதியிருந்தது "தண்ணி மீ நீது." "குளத்தில்" என்பது "குளத்தி" ஆகியிருந்தது. "பட்டம்" என்பது "பட்ட." முதல் எழுத்து எங்கும் தப்பாகவில்லை. சொல்லின் வால் மட்டும் போயிருந்தது.

எழுத்து தெரியாத பிள்ளை பார்த்தெழுதும்போதும் தடுமாறும். படிப்பில் ஆர்வமில்லாத பிள்ளை இரண்டிலும் கிறுக்கும். இவன் கண்ணால் வாங்கினால் சரியாக எழுதுகிறான், காதால் வாங்கினால் பாதியை விடுகிறான். தமிழில் வேற்றுமை, காலம், ஒருமை பன்மை எல்லாம் சொல்லின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பேசும்போது நாம் அமுக்கி விழுங்குவதும் அந்தக் கடைசியைத்தான். மரத்தை, மரத்தில், மரத்தால் எல்லாமே இவனுக்கு "மரத்த" என்றுதான் விழுந்திருக்கும்.

அன்று இரவு வருகைப் பதிவையும் என் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். "வாய் திறக்கவில்லை" என்று நான் எழுதிய நாட்களில் பெரும்பாலானவை திங்களும் செவ்வாயும். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. சனி, ஞாயிறு இவன் எங்கே போகிறான் என்று மறுநாள் பிள்ளைகளைக் கேட்டேன். "கிணத்துல டைவ் அடிப்பான் டீச்சர். இவனை மாதிரி யாராலயும் அடிக்க முடியாது."

அப்புறம் ஒரு விளையாட்டு நடத்தினேன். இவனை மட்டும் தனியாக நிறுத்தக் கூடாது என்பதால் 34 பேருக்கும் நடத்தினேன். பிள்ளை சுவரைப் பார்த்து நிற்கும், ஒரு காதைக் கையால் பொத்திக்கொள்ளும். நான் பின்னால் இரண்டடி தள்ளி நின்று கிசுகிசுப்பாக ஒரு சொல் சொல்வேன். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து சொல் ஒரு காதுக்கு, ஐந்து சொல் மறு காதுக்கு. தம்பிக்கு இடது காதில் இரண்டு சரி. வலது காதில் ஒன்றும் இல்லை. நான் பேசியதே தெரியாமல், எப்போது தொடங்குவேன் என்று காத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் குனிந்தபோது காதிலிருந்து சீழ் வாடை வந்தது. மூன்று மாதம் நான் அவன் அருகில் போகவே இல்லையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அப்பத்தா

அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். "அது கைப்புள்ளையா இருக்கையிலேருந்தே ஒழுகுது டீச்சர். பெரியவனானா தானா நின்னுரும்னு சொன்னாக. பூண்டைத் தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அக்கறை இல்லாத வீடு இல்லை அது. தெரிந்த வைத்தியத்தைத் தவறாமல் செய்திருக்கிறார்கள்.

அப்பத்தாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தையே உலுக்கியபோது, இரவு வகுப்பில் அரிக்கேன் விளக்கடியில் எழுத்து கற்றவர்களில் இவரும் ஒருவர். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் பழகிய காலம் அது. இவரும் ஓட்டினாராம். பேரனின் இரண்டு நோட்டையும் நீட்டினேன். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, இரண்டையும் வாசித்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "இது காதுக் குத்தமா டீச்சர்? நான் புத்திக் குத்தம்னுல்ல நெனச்சேன்" என்றார். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று அவரிடம் சொன்னேன்.

காலாண்டு விடுமுறையில் இரண்டு பேரும் பையனைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்தில் போனோம். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. வலது காதுக்கு 45 டெசிபல், இடதுக்கு 35 டெசிபல் வரை சத்தம் கூட்டினால்தான் கேட்கிறது. கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல்தான், அதனால்தான் விளையாட்டில் தவறவிட்டான். பக்கத்தில் இருந்து பேசினால் 60 வரும், அது கேட்டுவிடும். ஆனால் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். நான் கரும்பலகைப் பக்கம் நின்றால், அவன் கடைசி வரிசையில் இருந்தால், மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றினால், என்ன மிஞ்சும்? அதிலும் ஒன்றாம் வகுப்பில் இவனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் வாய் முகக்கவசத்துக்குள் இருந்தது. உதட்டைப் பார்த்தாவது பிடித்துக்கொள்ள வழியில்லாமல் போயிருக்கிறது.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்ற கணக்கில் வருவார்கள். இவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். சான்றிதழ் கிடையாது, பட்டியலில் பெயர் கிடையாது. பட்டியலில் இல்லாவிட்டாலும் பாடம் பாதிதான் காதில் விழுகிறது. இப்படி நடுவில் நிற்கிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வகுப்பாசிரியரை விட்டால் வேறு ஆள் இல்லை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு அருமையான ஏற்பாடு. ஆனால் அவர்கள் ஜூலையில் வந்த அன்று இவன் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியர்தான் தினமும் ஐந்து மணிநேரத்துக்கு மேல், அதே வயதுப் பிள்ளைகளின் நடுவில் வைத்து ஒரு பிள்ளையைப் பார்க்கிறார். தாய்க்குக்கூட அந்த ஒப்பீடு கிடைக்காது. குழந்தைகளுக்கு வரும் செவித்திறன் இழப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீழ் வடியும் காது அந்தக் காரணங்களில் முக்கியமான ஒன்று.

பஞ்சுத் திரி

மருத்துவர் சொன்னது எளிமையாகத்தான் இருந்தது. எண்ணெய் கூடாது. தண்ணீர் உள்ளே போகக் கூடாது. சனி, ஞாயிறு கிணற்றில் குதித்துவிட்டு வந்த திங்களும் செவ்வாயும் ஏன் மோசமாக இருந்தன என்று எனக்கு அப்போது புரிந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை காதை உலர்த்தி, அப்புறம் சொட்டு மருந்து. காது காய்ந்தே இருந்தால், இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஓட்டையை அடைக்க அறுவை சிகிச்சை செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று வேளையில் மதிய வேளை பள்ளிக்கூடத்தில் வரும். மருத்துவர் காட்டியபடி, சுத்தமான பஞ்சை விரல் நுனியில் முறுக்கி அகல்விளக்குத் திரி போலச் செய்வேன். குச்சி கூடாது. காதுக்குள் மெதுவாக வைத்து, ஒரு நிமிடம் விட்டு எடுத்தால் திரி ஈரமாக வரும். அதைப் போட்டுவிட்டு அடுத்த திரி. கடைசித் திரி காய்ந்து வரும்வரை இப்படியே. முதல் வாரம் ஏழு எட்டுத் திரி ஆகும். அந்த நேரத்தில் அவன் என் நாற்காலிப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசுவான். எந்தக் கிணற்றில் எத்தனை படி, எந்தக் கிணற்றில் தண்ணீர்ப் பாம்பு, திருப்பூரில் அம்மா இருக்கும் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம். வகுப்பில் வாய் திறக்காத பையன் பேசத் தொடங்கியது இந்தப் பத்து நிமிடத்தில்தான். ஆசிரியர் பயிற்சியில் உடல் வளர்ச்சி, அறிவு வளர்ச்சி, மனவெழுச்சி வளர்ச்சி, சமூக வளர்ச்சி என்று தனித்தனிப் பாடமாகப் படித்தோம். இவனிடம் எது எங்கே முடிகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பஞ்சுத் திரி உடலுக்கு. ஆனால் அதன் வழியாக வந்தது பேச்சு.

அம்மாவின் விஷயமும் இப்படித்தான் வெளியே வந்தது. அக்டோபரில் அவரோடு கைப்பேசியில் பேசினேன். "எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறான் டீச்சர். ரெண்டு வார்த்தை சொல்லிட்டு அப்பத்தாகிட்ட குடுத்துர்றான். விட்டுட்டு வந்துட்டோம்னு எங்க மேல கோவம் அவனுக்கு" என்று அழுதார். மறுநாள் அப்பத்தாவைக் கேட்டேன், போனை எந்தக் காதில் வைப்பீர்கள் என்று. அவர் வலது கைக்காரர். பேரனுக்கு எதிரில் நின்று வைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கு எட்டிய வலது காதிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இனி இடது காதில் வையுங்கள், முடிந்தால் முகம் தெரிகிற அழைப்பாகப் பேசுங்கள் என்றேன். அந்த வாரம் தம்பி அம்மாவோடு அரை மணிநேரம் பேசினானாம். இரண்டு வருஷமாக ஒரு தாய் தன்னைத்தானே நொந்துகொண்டிருந்ததற்குக் காரணம், போன் வைத்த பக்கம். இதை எழுதும்போதும் எனக்குத் தாங்கவில்லை.

வகுப்பில் செய்த மாற்றங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செலவில்லை. முதல் வரிசையில் வலது ஓரம், அதாவது அவனுடைய இடது காது என் பக்கம் இருக்கும்படி. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதை நிறுத்தினேன். பதினெட்டு வருஷப் பழக்கம், விடக் கஷ்டமாக இருந்தது. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல், உதடு தெரியச் சொன்னேன். சொல்லைக் கைதட்டி எண்ணிவிட்டு எழுத வைத்தேன்: கு-ளத்-தில், எத்தனை தட்டு? எத்தனை எழுத்து? வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று இருக்கும் சிறப்புப் பயிற்றுநர், இவன் தன் பட்டியலில் இல்லாவிட்டாலும் இரண்டு முறை வந்து உட்கார்ந்து யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

"செவிடா" என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லவில்லை. ஒரு பால்டின்னின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே நாலு அரிசியைப் போட்டு, பக்கத்தில் சத்தம் போடச் சொன்னேன். அரிசி குதித்தது. பலூனில் ஓட்டை போட்டு மறுபடி கத்தச் சொன்னேன். அரிசி லேசாக நகர்ந்தது, அவ்வளவுதான். இதைச் செய்யலாமா என்று தம்பியிடம் முதல்நாளே கேட்டிருந்தேன். "என் பேரைச் சொல்லாதீங்க டீச்சர்" என்றான். சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. அதிகம் கேலி செய்த பையன் மறுநாள் இவனுக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்தான்.

கண்மாய்

எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நான் நிம்மதியாக இருந்தபோதுதான் நவம்பர் வந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஊர்க் கண்மாய் நிரம்பியது. காது காய்ந்திருந்தது. சொல்வதெழுதுதலில் பத்துக்கு ஆறு, ஏழு வந்தது. ஆனால் பையன் மறுபடி அடிக்கத் தொடங்கினான். மதியம் திரி வைக்கும்போதும் பேச்சில்லை. அப்பத்தாதான் சொன்னார்: "தண்ணிப் பக்கம் போகக் கூடாதுன்னு சொன்னதுலேருந்து சோறே எறங்கலை டீச்சர் அதுக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படிப்பில் கடைசி, பேச்சில் கடைசி என்று இருந்த பையனுக்கு ஊரில் முதல் இடம் கிடைத்த ஒரே இடம் தண்ணீர். தலைகீழாகக் குதிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எந்த மீன் எந்தச் சேற்றில் கிடக்கும் என்று பெரியவர்களே அவனைக் கேட்பார்கள். காதுக்கு நல்லது என்று அந்த இடத்திலிருந்து அவனை வெளியே தள்ளிவிட்டோம். மருத்துவர் சொன்னது சரி. அதை அப்படியே ஒரு தடையாக அவன் தலையில் வைத்த நான் செய்ததுதான் அரைகுறை.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது இதையே கேட்டேன். தலை முங்கக் கூடாது, குதிக்கக் கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கலாம், வாஸ்லைன் தடவிய பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்ள வேண்டும், கரையேறியதும் துடைக்க வேண்டும் என்றார். அது போதுமாக இருந்தது.

பள்ளியிலும் ஒன்று செய்தேன். ஒருநாள் சொல்வதெழுதுதலை நான் நடத்தவில்லை, தம்பி நடத்தினான். கண்மாய் மீன்களின் பெயர். கெண்டை, கெளுத்தி, அயிரை, உளுவை, குறவை, விரால். ஒவ்வொன்றையும் இரண்டு முறை, கடைசி எழுத்தை அழுத்தி, உதடு தெரியச் சொன்னான். நான் அவனுக்குச் சொல்வது மாதிரியே. விராலுக்குச் சின்ன "ர"வா பெரிய "ற"வா என்று சண்டை வந்தது. உளுவை என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினான்.

ஜனவரியில் சறுக்கினான். பொங்கல் விடுமுறையில் அப்பா, அம்மா வந்திருந்தார்கள், சொந்தக்காரப் பையன்களும் வந்திருந்தார்கள். மூன்று நாளும் குதித்திருக்கிறான். காதில் மறுபடி சீழ். அடுத்த திங்கட்கிழமை நோட்டில் "தண்ணி", "குளத்தி" எல்லாம் திரும்ப வந்தன. பயந்துபோய் முகத்தைப் பார்த்தான். நான் திரியை முறுக்கத் தொடங்கினேன். பிப்ரவரி நடுவில்தான் காய்ந்தது.

ஆண்டு முடிவில் தமிழில் மொட்டு நிலைக்கு வந்தான். மலருக்கு வரவில்லை. இழந்த இரண்டு ஆண்டை ஆறு மாதத்தில் திருப்பிவிட முடியாது. அதை வெற்றியாகப் பூசி எழுத எனக்கு மனமில்லை. கணக்கில் மலர். சண்டை அறவே நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் காரணமில்லாத சண்டை இல்லை. காது கேட்காமல் சிரிப்பைக் கேலி என்று எடுத்துக்கொண்டு அடித்தது நின்றுவிட்டது.

பங்குனியில் கண்மாய் வற்றியபோது ஊரில் மீன்பிடித் திருவிழா. வெள்ளைத் துண்டு வீசியதும் நூற்றுக்கணக்கான பேர் ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையும் வலையுமாக இறங்கினார்கள். தண்ணீர் முழங்கால் அளவுதான், காதுக்கு ஆபத்தில்லை. தம்பி அப்பத்தாவின் ஊத்தாவோடு இறங்கினான். மறுநாள் காலை என் மேசை மேல் வாழை இலையில் சுற்றி ஒரு விரால் இருந்தது. காதைப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

ஏப்ரலில், நான்காம் வகுப்பு எடுக்கப்போகும் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வலது ஓரத்தில் உட்கார வைக்கவும். திரும்பி நின்று பேச வேண்டாம். திங்கட்கிழமை காதைப் பார்க்கவும். மதியம் திரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கும் திறன் பரிசோதனை, அடுத்தது ஜூலையில். கைப்பேசி இடது காதில். தம்பி பக்கத்தில் நின்று, எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தான். "மீன் பேர் சொல்லிக் குடுத்தேன்ல, அதையும் எழுதுங்க டீச்சர்" என்றான். எழுதினேன்.